செங்கம் சாலை ஏலத்தில் ஒரு கான்டெஸா

காலை ஐந்து பத்துக்குக் கிளாம்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலை பஸ் கிளம்பியது. கட்டணம் நூற்று எழுபது ரூபாய். ஜன்னலோர இடம் கிடைத்தது. மடியில் ஒரு துணிப்பை. அதில் டார்ச், துணி சுற்றிய காந்தம், ஸ்க்ரூடிரைவர், ஒரு பெரிய ஸ்பேனர், பென்சில், வெள்ளைத்தாள், சாக்பீஸ், காருக்கு அடியில் விரித்துப் படுக்க ஒரு பழைய பிளெக்ஸ் துண்டு. பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் பையில் இடித்துக்கொண்டு, "இன்னாங்க இது, இரும்புக் கடையா?" என்றார். "வேலைக்குப் போறேங்க" என்றேன். கோயிலுக்குப் போகாமல் திருவண்ணாமலைக்குப் போகிறவனைப் பார்த்து அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக்காக இருந்தவன். முதுகு ஒத்துழைக்காமல் போனபிறகு, பழைய கார் வாங்குகிறவர்களுக்காகக் காரைப் பார்த்துச் சொல்கிறேன். ஏலத்துக்கு வரும் காரை யாரும் ஓட்டிப் பார்க்க விடமாட்டார்கள். ஸ்டார்ட் செய்யக்கூட விடமாட்டார்கள். இரண்டு மணி நேரம் சுற்றிவரலாம், குனிந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அந்த இரண்டு மணி நேரத்தில் வண்டியின் உள்விவகாரம் முழுவதையும் தெரிந்துகொண்டு, எதுவரை கேட்கலாம் என்று சொல்வதற்கு எனக்கு ஐயாயிரம் ரூபாய், போகவர பஸ் செலவு தனி.

இந்த முறை என்னை அனுப்பியவர் ரகுநாதன். சென்னையில் பழைய கார்களை வாங்கிச் சரிசெய்து விற்கிறவர். திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜ் முதலாளி இறந்துபோக, பிள்ளைகள் லாட்ஜை மூடிவிட்டுக் கட்டில், ஜெனரேட்டர், வண்டிகள் எல்லாவற்றையும் ஏலம் விடுகிறார்கள் என்று அவருக்குத் தகவல் வந்திருந்தது. அதில் ஒரு கான்டெஸா இருந்தது. நம் பக்கத்தில் இளைஞர்கள் மசில் கார் என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். நீண்ட மூக்கு, அகன்ற தோள், பின்சக்கரம் இழுக்கும் வண்டி. தயாரிப்பு நின்று இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதால் நல்லதாக ஒன்று கிடைப்பது கஷ்டம்.

ரகுநாதன் தன் காரில் தனியாக வருவதாகச் சொன்னார். "நாம ரெண்டு பேரும் தெரிஞ்சவங்கன்னு அங்க காட்டிக்க வேணாம் தாமோதரன். நான் ஆளு வெச்சுப் பாக்கறேன்னு தெரிஞ்சா ரேட்டை ஏத்திடுவானுங்க. யாராவது கேட்டா வாயைத் திறக்காதீங்க." வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். பொய் சொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை. இதை நான் இங்கே எழுதியாக வேண்டும்.

ஏழு மணிக்குத் திண்டிவனம். எட்டுக்குச் செஞ்சி, பத்து நிமிடம் நின்றது. டீ பதினைந்து ரூபாய், தண்ணீர்போல இருந்தது. கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை மூட்டைகளோடு நாலு பேர் ஏறி நடைபாதையை அடைத்துக்கொண்டார்கள். அதைத் தாண்டியதும் மலை முழுதாகத் தெரிந்தது. பஸ்ஸில் பாதிப்பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒன்பது பத்துக்கு ஊருக்குள் இறங்கினேன்.

செங்கம் சாலைக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். "பௌர்ணமியா இன்னிக்கு?" என்றேன். "பௌர்ணமின்னா முந்நூறு சொல்லியிருப்பேங்க" என்றார் சிரிக்காமல். நூற்றிருபதுக்கு ஒப்புக்கொண்டார்.

காலை பத்து மணி.

லாட்ஜின் பெயர்ப்பலகையை ஏற்கனவே கழற்றிவிட்டிருந்தார்கள். வாசலில் பந்தல் போட்டு, ஏலக்காரர் மேசை நாற்காலியோடு உட்கார்ந்திருந்தார். விதிகளை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்: பத்திலிருந்து பன்னிரண்டு வரை பார்வை, இரண்டு மணிக்கு ஏலம், கலந்துகொள்ள முன்பணம் பதினைந்தாயிரம், எடுத்த பொருளை மாலை ஆறுக்குள் அப்புறப்படுத்த வேண்டும். கான்டெஸாவுக்கு ஆரம்ப விலை தொண்ணூறாயிரம்.

பின்பக்கத்து ஷெட்டில் வண்டி நின்றிருந்தது. கருநீல நிறம். சக்கரங்களில் காற்றில்லாததால் அடியில் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். மேலே இரண்டு விரல் உயரத்துக்குத் தூசி. ஒரு நிமிடம் சும்மா நின்று பார்த்தேன். கதவுகளுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருந்தது. அடிபட்டு நிமிர்த்திய வண்டியில் அப்படி இருக்காது.

காந்தத்தை எடுத்து மட்கார்டு, கதவின் அடிப்பாகம், பின்சக்கர வளைவு என்று வரிசையாக வைத்துப் பார்த்தேன். பட்டி பூசி மறைத்திருந்தால் காந்தம் பிடிக்காமல் நழுவும். எங்கும் நழுவவில்லை. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரை நகத்தால் விலக்கினால், அடியிலும் அதே கருநீலம்; மறுபடி பெயிண்ட் அடித்த வண்டி இல்லை. சேசிஸ் எண்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி. நகலோடு ஒப்பிட்டேன். எஞ்சின் எண்ணும் ஒத்துப்போனது. ஆயில் கருப்பாக இருந்தது, ஆனால் பால் கலந்ததுபோல் ஆகவில்லை; உள்ளே தண்ணீர் இறங்கவில்லை என்று அர்த்தம். ஷெட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து எஞ்சின் முன்னால் உள்ள போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டு மெல்லத் திருப்பினேன். வழவழவென்று சுற்றியது.

பிளெக்ஸை விரித்து அடியில் படுத்தேன். ஸ்க்ரூடிரைவர் முனையால் சேசிஸ் முழுக்கத் தட்டினேன். எல்லா இடத்திலும் கெட்டியான சத்தம். டிரைவர் கால் வைக்கும் இடத்தில் மட்டும், கார்பெட்டுக்குக் கீழே, உள்ளங்கை அளவுக்குத் தகடு துருப்பிடித்திருந்தது. எவனோ ஈரக் காலோடு பல வருடம் ஏறியிருக்கிறான். அதை வெட்டிப் புதுத் தகடு வைக்க ஒருநாள் வேலை, மூவாயிரம் ரூபாய்.

முப்பது வருடத்தில் இவ்வளவு சுத்தமான கான்டெஸாவை நான் நாலைந்துதான் பார்த்திருப்பேன். அடியில் படுத்தபடியே ரகுநாதனுக்குச் செய்தி அனுப்பினேன்: "மூன்று லட்சம் வரை கேட்கலாம்."

வெளியே வந்து தூசி தட்டும்போது எதிரே ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். அவருக்கு முப்பத்தைந்து இருக்கும், தோளில் கேமரா பை. அந்தப் பெண் கையில் ஏல விதிகளின் நகலை வைத்து, வரிக்கு வரி பேனாவால் கோடு போட்டிருந்தாள்.

"அண்ணா, நீங்க வண்டி தெரிஞ்சவரு மாதிரி இருக்கீங்க. இது எப்படி இருக்குது?" என்றார் அவர்.

பெயர் ஏழுமலை, மனைவி ரேவதி. கீழ்பென்னாத்தூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் பழைய கார் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதுதான் இப்போது வழக்கமாம். அதற்காகப் புதுச்சேரியிலிருந்து ஒரு வண்டியை நாளுக்குப் பன்னிரண்டாயிரம் கொடுத்து வாடகைக்கு வரவழைக்கிறார்களாம்.

"அதுவும் அவங்க கண்டிஷன் ரொம்ப ஜாஸ்திண்ணா" என்றாள் ரேவதி. "சாயங்காலம் ஆறு அடிச்சா வண்டிய எடுத்துட்டுப் போயிடறாங்க. வெளிச்சம் நல்லா வர்றதே அப்பதான். வைகாசிக்கு மூணு புக்கிங் இருக்குது. சொந்தமா ஒண்ணு இருந்தா இந்த ஜில்லாவுக்கே நாங்கதான்."

"வண்டியப் பத்தி எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது" என்றார் ஏழுமலை. "ஒரு மெக்கானிக்க கூப்பிட்டோம். வரேன்னு சொல்லிட்டு போனை எடுக்கல."

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான்: நான் இன்னொருவருக்காக வந்திருக்கிறேன், என்னைக் கேட்காதீர்கள். பெயர் சொல்லாமல் அதைச் சொன்னால் ரகுநாதனுக்கும் நஷ்டமில்லை. ஆனால் இருவரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, டாக்டர் முன்னால் ரிப்போர்ட்டோடு நிற்கிறவர்களின் பார்வை, அது எனக்குப் பிடித்திருந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"இங்க வாங்க" என்று டிரைவர் பக்கக் கதவைத் திறந்தேன். கார்பெட்டைத் தூக்கி, துருப்பிடித்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை ஓங்கிக் குத்தினேன். நறுக்கென்று முனை மறுபக்கம் போயிற்று. ரேவதி ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

"மேலயே இப்படின்னா அடியில எப்படி இருக்கும்னு நீங்களே பாத்துக்கங்க."

ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டு, காவி நிறத் தண்ணீரைக் காட்டினேன். நின்றுபோன எந்த வண்டியிலும் அது அப்படித்தான் இருக்கும். அதைச் சொல்லவில்லை.

"எஞ்சின்?" என்றார் ஏழுமலை.

"ஜாம் ஆயிருக்கும். பிரிச்சா ஒன்றரை லட்சம் நிக்கும். பார்ட்ஸ் கிடைக்காது."

நான் காட்டிய துரு உண்மை. காவித் தண்ணீர் உண்மை. இது மட்டும் முழுப் பொய். பத்து நிமிடத்துக்கு முன்னால் என் கையால் சுற்றிய எஞ்சின்.

"ரெண்டு நாப்பது வெச்சிருக்கோம்ணா" என்றாள் ரேவதி மெதுவாக. "அதுக்கு மேல முடியாது."

"அப்போ தொடாதீங்கம்மா. இது இரும்பு ரேட்டுக்குத்தான் ஆகும்."

இருவரும் தள்ளிப் போய்ப் பேசிக்கொண்டார்கள். அவள் விதிகள் இருந்த தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். ஏழுமலை திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல நேரத்துல உங்களப் பாத்தோம்ணா. உங்க பேரு?" சொன்னேன். "இவ்ளோ தூரம் வந்துட்டோம், கோயிலுக்காவது போயிட்டு வரோம்" என்று கிளம்பினார்கள். முன்பணம் கட்டவில்லை.

பிற்பகல் இரண்டு மணி.

எதிர்க்கடையில் எழுபது ரூபாய்க்குச் சாப்பாடு. ரசம் நன்றாக இருந்தது. ஏலத்துக்கு வந்தவர்கள் இருபது பேருக்குமேல் இருந்தாலும் பெரும்பாலும் கட்டிலுக்கும் பீரோவுக்கும் வந்தவர்கள். கான்டெஸாவுக்கு முன்பணம் கட்டியவர்கள் மூன்றே பேர்: ரகுநாதன், வேலூர் இரும்பு வியாபாரி ஒருவர், பேசாமலே இருந்த இன்னொருவர். தொண்ணூறில் ஆரம்பித்தது. ஒன்று பத்தில் பேசாதவர் எழுந்து போனார். வேலூர்க்காரர் ஒன்று முப்பதுவரை வந்தார். ஒன்று முப்பத்தைந்துக்கு ரகுநாதன் பெயருக்கு முடிந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

காசு கட்டி ரசீது வாங்கியதும் ரகுநாதன் என்னிடம் வந்து தோளைத் தட்டினார். இனி மறைக்க ஒன்றுமில்லை. "காலைல அந்தப் போட்டோக்காரன்கிட்ட பேசிட்டிருந்தீங்கல்ல, தள்ளி நின்னு பாத்தேன். ரெண்டு வரைக்கும் வந்திருப்பான். இன்னா சொன்னீங்க அவன்கிட்ட?"

சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

பிறகுதான் அவர் திட்டம் தெரிந்தது. சென்னையில் அவரிடம் இன்னொரு கான்டெஸா இருக்கிறது. லாரியில் மோதி முன்பாதி நசுங்கியது. அதற்கு ஏற்கனவே ஆள் பேசி, பன்னிரண்டு லட்சத்துக்கு முன்பணமும் வாங்கிவிட்டார். அதன் பின்பாதியோடு ஒட்டவைக்க அவருக்கு ஒரு முன்பாதி வேண்டும். அதற்குத்தான் இது.

"முழுசாவே நல்லா இருக்குதே சார்" என்றேன். "நாலு வேலை செஞ்சா ஓடும்."

"ஓடும். ஆனா என்கிட்ட அட்வான்ஸ் குடுத்தவனுக்கு அந்த இடிபட்ட வண்டி நம்பர்தான் வேணும், அவங்க அப்பா வண்டி நம்பர் மாதிரியாம். முழு வண்டியா ஏத்திட்டுப் போக லாரிக்காரன் பதினெட்டாயிரம் கேக்கறான். பாதின்னா சின்ன வண்டி, ஆறாயிரத்துல முடிஞ்சிடும். ஆறு மணிக்குள்ள காலி பண்ணணும் வேற."

ஊரிலேயே ஒரு கட்டிங் ஆளைப் பிடித்து வந்திருந்தார்கள். பெட்ரோல் டாங்கைக் கழற்றி வைத்தார்கள். எங்கே அறுத்தால் டேஷ்போர்டும் தூணும் சேதமாகாது என்று அந்த ஆளுக்குத் தெரியவில்லை. ரகுநாதன் என்னைப் பார்த்தார். பையிலிருந்து சாக்பீஸை எடுத்தேன். கூரையில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் கதவுக்கு அடியில் ஒரு கோடு, உள்ளே தரையில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். தூசிமேல் கோடு விழாததால் முதலில் கையால் துடைக்க வேண்டியிருந்தது. துடைத்த இடத்தில் கருநீலம் புதிதுபோலப் பளிச்சென்று தெரிந்தது.

மூன்றரைக்கு மெஷின் கூரையில் இறங்கியது. அந்தச் சத்தத்தில் தெருநாய்கள் குரைத்தன. பழைய பெயிண்ட் எரியும் வாடை. துருவில்லாத தகடு என்பதால் இரண்டு பிளேடு உடைந்தது. "இன்னா சார் இவ்ளோ கெட்டியா இருக்குது?" என்று அந்த ஆள் வியர்வையைத் துடைத்தான். நாலரைக்கு வண்டி இரண்டாகிவிட்டது. பின்பாதியை வேலூர்க்காரரே பன்னிரண்டாயிரத்துக்கு எடுத்துக்கொண்டார்.

ரகுநாதன் ஐயாயிரத்துக்குப் பதில் ஏழாயிரம் கொடுத்தார். காரில் கூட்டிப்போவதாகச் சொன்னார். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றேன்.

மாலை ஐந்து பத்து.

சென்னை பஸ்ஸில் மூன்று பேர் இருக்கையில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பஸ் நகரத் தொடங்கியபோது ஓடிவந்து ஏறினார்கள், ஏழுமலையும் ரேவதியும். "அண்ணா! நீங்களும் இந்த வண்டியா?" என்று பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். இறங்கி விடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் பஸ் சாலைக்கு வந்துவிட்டது.

ரேவதி கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலம் நீட்டினாள். விபூதியும் குங்குமமும், இரண்டு வாழைப்பழமும்.

"உங்க பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணோம்ணா. நட்சத்திரம் கேக்க மறந்துட்டோம். பேரு மட்டும் சொன்னா போதும்னு ஐயர் சொல்லிட்டாரு."

வாங்கிக்கொண்டேன். நெற்றியில் இடும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்ததால் இட்டுக்கொண்டேன்.

"யாரு எடுத்தாங்கண்ணா கடைசில?" என்றார் ஏழுமலை.

"சென்னை ஆளு ஒருத்தர்."

"பாவம், மாட்டிக்கிட்டாரு" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆரணியில அடுத்த மாசம் ஒரு ஏலம் இருக்குதாம், ஒரு பழைய அம்பாசிடர். நீங்க கூட வந்து பாத்துக் குடுப்பீங்களா? சும்மா வேணாம், உங்க பீஸ் என்னவோ அத வாங்கிக்கங்க. உங்க நம்பரு சொல்லுங்க" என்று போனை எடுத்தார்.

ரேவதி சொன்னாள்: "நம்ம மேல அக்கறைப்பட்டு சொல்றவங்க கிடைக்கறதுதாண்ணா கஷ்டம். காலைல நீங்க சும்மா போயிருக்கலாம்."

எண்ணைச் சொல்ல வாயெடுத்தேன். முதல் இரண்டு இலக்கம் சொல்லியும் விட்டேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

"என்னை நம்பாதீங்க" என்றேன். "நான் அந்தச் சென்னைக்காரருக்காகத்தான் வந்தேன். அந்த வண்டி நல்ல வண்டி."

ஏழுமலை முதலில் சிரித்தார். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"எஞ்சின் ஜாம்னு சொன்னீங்களே?"

"இல்ல. சுத்திப் பாத்தேன். நல்லா இருந்துச்சு."

"அந்த ஓட்டை?"

"மூவாயிரம் ரூபா வேலை."

ரேவதிதான் கேட்டாள். "எவ்ளோக்குப் போச்சு?"

"ஒண்ணு முப்பத்தஞ்சு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏழுமலைக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை இருந்தது. போனை என் பக்கம் நீட்டினார். "அவரு நம்பர் போடுங்கண்ணா. ரெண்டு தரோம். அறுபத்தஞ்சாயிரம் லாபம் வருதுல்ல, குடுத்துடுவாரு. இன்னும் ஊர்லதானே இருப்பாரு? அடுத்த ஸ்டாப்பிங்ல இறங்கிடலாம்."

"அறுத்துட்டாங்க" என்றேன்.

"இன்னாது?"

"வண்டிய ரெண்டா அறுத்துட்டாங்க. முன்பாதி மட்டும்தான் அவருக்கு வேணும்." சாக்பீஸால் கோடு போட்டது நான்தான் என்று சொல்ல முடியவில்லை. அதை இப்போதுதான் முதல்முறையாக வெளியே சொல்கிறேன்.

ஏழுமலை எழுந்து நின்றார். என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் கம்பியைப் பிடித்தபடி படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். கீழ்பென்னாத்தூருக்கு இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர் இருந்தது. அவ்வளவு தூரமும் நின்றபடியே வந்தார்.

ரேவதி உட்கார்ந்தபடியே இருந்தாள். ஊர் வரும்போது எழுந்து, நான் கால்களை ஒதுக்கி வழிவிட, என்னைத் தாண்டும்போது நின்றாள். கண்டக்டர் "இறங்கும்மா, இறங்கு" என்று விசில் ஊதினார்.

"ஏன் இப்ப சொன்னீங்க?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோல் கேட்டாள். "சொல்லாம இருந்திருந்தா, ஒரு நல்ல மனுஷனப் பாத்தோம்னாவது நெனச்சுட்டுப் போயிருப்போம். அதுவும் எங்களுக்கு இல்லாம பண்ணிட்டீங்களே."

அதோடு இறங்கிவிட்டாள். சாலையோரத்தில் ஏழுமலை கேமரா பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடக்க, அவள் வேகமாகப் போய்ச் சேர்ந்துகொண்டாள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மணி ஐந்து ஐம்பது. நிலக்கடலைக் காட்டின்மேல் வெளிச்சம் மஞ்சளாகப் படிந்திருந்தது. படம் எடுக்க நல்ல நேரம் என்று எனக்கே தெரிந்தது.

செஞ்சியிலும் திண்டிவனத்திலும் நான் இறங்கவில்லை. உண்மையைச் சொன்னதால் நெஞ்சு லேசாகும் என்று எதிர்பார்த்தவன் நான். அப்படி எதுவும் நடக்கவில்லை. பாரம் அவர்கள் வீட்டுக்கும் போயிற்று, என்னிடமும் குறையாமல் இருந்தது.

திருவண்ணாமலைக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் வழக்கமான தகவல்கள் உண்டு: பஸ் நூற்று எழுபது, ஆட்டோ நூற்றிருபதுக்குமேல் கொடுக்காதீர்கள், செங்கம் சாலையில் சாப்பாடு எழுபது. ஊரைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. எட்டு மணி நேரத்தில் கோபுரத்தைக்கூட ஆட்டோவிலிருந்து பார்த்ததோடு சரி. அந்த ஊரில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒரு காரைக் காட்டி என்னிடம் கேட்டார்கள். நான் பார்த்த ஊர் அவ்வளவுதான்.

என்னைத் தெரிந்த எங்கள் தெருவில் அப்படி யாரும் கேட்பதில்லை. போன வருடம் எதிர்வீட்டுக்காரர் பழைய கார் ஒன்று வாங்கினார். என் மைத்துனன் தையில் ஒன்று வாங்கினான். இரண்டு பேரும் வாங்கி, பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவன் வாசலிலேயே இருக்கிறேன், ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று வீட்டில் சொல்லிச் சொல்லிக் குறைபட்டிருக்கிறேன். என் மனைவி ஒருமுறைகூட அதற்குப் பதில் சொன்னதில்லை. தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஏன் என்று கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது எனக்குப் புரிந்தது.